திரைக்குத் திரும்பிய பந்துலு

1960களில் கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் படம் பார்ப்பதற்குத் திரையரங்கு தேவைப்படவில்லை. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். லயத்து வீடுகளிலிருந்து பாயும் பலகையும் வந்துவிடும். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்புறம் அமர்ந்தார்கள். அவர்களுக்கு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். வீரனின் வாள் இடக்கையில் இருக்கும். காற்று வீசினால் நாயகனின் முகம் உப்பி நெளியும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள்கூடக் கடைசிச் சுருள் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

அத்திரைகளில் சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் அறியாதவர் இல்லை. படத்தின் தொடக்கத்தில் ஓடி மறைந்த இயக்குநரின் பெயரைக் கவனித்தவர்கள் குறைவு. அப்பெயர்களுள் ஒன்று பி. ஆர். பந்துலு.

பந்துலு 1910ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் அரசின் கோலார்ப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தெலுங்கில் பந்துலு என்றால் ஆசிரியர் என்று பொருள். நாடக மேடையில் நடிப்பைக் கற்ற அவர், 1936இல் வெளிவந்த சம்சார நௌகா என்னும் கன்னடப் படத்தில் நடித்தார். 1947இல் ஏவி.எம். நிறுவனத்தின் நாம் இருவர் படத்திலும் தோன்றினார். பின்னர்ப் பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்தின்வழி படங்களைத் தயாரித்து, 1957இல் தங்கமலை ரகசியம் மூலம் இயக்குநரானார். அடுத்த ஆண்டு ஸ்கூல் மாஸ்டர் என்னும் கன்னடப் படத்தை இயக்கி, அதில் பள்ளி ஆசிரியராக அவரே நடித்தார். பெயருக்கேற்ற வேடம்தான்!

1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் அவரை உயர்த்தியது. டெக்னிக்கலர் முறையில் வண்ணத்தில் அமைந்த அப்படம், 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும் ஜி. இராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் அங்குத் தேர்வு பெற்றனர்.

வெற்றி பெற்றவர் அதே வழியில் பணம் சேர்த்திருக்கலாம். பந்துலுவோ வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கையைக் கையில் எடுத்தார். கப்பல் கம்பெனி தொடங்கி, சிறையில் செக்கிழுத்து, வறுமையில் மறைந்தவரின் கதை அது. 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் தேசிய விருது பெற்றது. ஆனால், வசூலில் தோற்றது. இன்று அப்படம் எவ்வளவு போற்றப்பட்டாலும், அன்று அந்த நட்டத்தைச் சுமந்தவர் பந்துலுதான்.

அதன் பிறகும் அவர் சிறிதாக எண்ணவில்லை. 1964ஆம் ஆண்டு பொங்கலுக்குக் கர்ணன் வெளியானது. குருசேத்திரப் போர்க் காட்சிகளைக் குருசேத்திர மண்ணிலேயே படமாக்கினார். கர்ணனாகச் சிவாஜி, கண்ணனாக என். டி. இராமாராவ், இசைக்கு விசுவநாதன் இராமமூர்த்தி என எல்லாமே பெரிய அளவில் அமைந்தன. செலவுக்கு ஏற்ற வரவு கிடைக்கவில்லை என்பதே திரையுலகில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. அதே ஆண்டில் வந்த முரடன் முத்துவுடன் சிவாஜியுடனான கூட்டணியும் முறிந்தது.

ஐம்பத்து நான்கு வயதில் அவர் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. இம்முறை எம்.ஜி.ஆருடன் சேர்ந்தார். கடலும் கப்பலும் கொள்ளையரும் நிறைந்த ஆயிரத்தில் ஒருவன் 1965இல் வெளிவந்து பெருவெற்றி கண்டது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த முதல் படம் அதுவே. கன்னடத்தில் ஜெயலலிதாவை நாயகியாக அறிமுகப்படுத்தியவரும் பந்துலுதான்.

1974 அக்டோபரில் பந்துலு காலமானார். அப்போது மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் பாதியில் நின்றது. அதை எம்.ஜி.ஆரே இயக்கி முடித்தார். 1978இல் அது வெளியானபோது எம்.ஜி.ஆர். தமிழக முதலமைச்சராக இருந்தார்.

பந்துலுவின் படச்சுருள்கள் பெட்டிகளில் முதுமை அடைந்தன. சுருளில் கீறல் விழும், நிறம் மங்கும், ஒலி கரகரக்கும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால், 3 மணி நேரப் படத்தில் 259,200 சட்டகங்கள் இருக்கும். பழைய படத்தைப் புதுப்பிப்போர் இவற்றை இலக்கவியல் முறையில் கணினிக்கு மாற்றி, தூசும் கோடும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். கர்ணனுக்கு இப்பணி நடந்தது. பழுதான ஒலியும் சீராக்கப்பட்டது.

2012 மார்ச் 16ஆம் நாள் கர்ணன் தமிழ்நாட்டில் மீண்டும் திரைக்கு வந்தது. தொலைக்காட்சியில் பலமுறை வந்த படத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்ற ஐயம் இயல்பானதே. ஆனால், சென்னையில் அது நூறு நாள்களைக் கடந்து ஓடியது. இளமையில் அதைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். கையளவுப் பெட்டியில் சுருங்கிக் கிடந்த தேர்களும் படைகளும் சுவர் அளவுக்கு விரிந்தன. சேற்றில் புதைந்த தேர்ச்சக்கரத்தை அந்தப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஈராண்டு கழித்து, 2014 மார்ச்சில் ஆயிரத்தில் ஒருவன் அதே வழியில் திரும்பியது. அதுவும் நூறு நாள்களைத் தாண்டியது. 2015இல் வீரபாண்டிய கட்டபொம்மனும் வந்தான். மூன்று படங்களையும் இயக்கியவர் பந்துலு.