யாப்பைக் காத்த காவலர் பவானந்தம் பிள்ளை

காவற்பணியும் தமிழ்ப்பணியும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வாலேயே பொய்ப்பித்தவர் ச. பவானந்தம் பிள்ளை (1874-1932). வெள்ளையர் ஆட்சியில் காவல்துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியனவாக இருந்தன. அந்நாளில் சென்னை மாநகரக் காவல் துணை ஆணையர் என்னும் நிலைக்கு அவர் உயர்ந்தார். அப்பதவிப் பெருமையைக் காலம் மறந்துவிட்டது. அவர் பதிப்பித்த நூல்களையோ தமிழுலகம் மறக்கவில்லை.

பவானந்தர் கழகம் என்னும் அமைப்பை நிறுவி, ஏட்டுச்சுவடிகளில் கிடந்த இலக்கண நூல்களை அச்சேற்றினார் அவர். 1916இல் நக்கீரர் உரையுடன் இறையனார் களவியலை வெளியிட்டார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். அரிச்சந்திரா, பாதுகா பட்டாபிஷேகம் முதலிய நாடகங்களை இயற்றினார். 1925இல் தற்காலத் தமிழ்ச் சொல்லகராதி என்னும் அகராதியையும் அளித்தார்.

இவை அனைத்தினும் தலையாயது யாப்பருங்கலத்தைப் பழைய விருத்தியுரையுடன் அவர் வெளிக்கொணர்ந்த தொண்டேயாகும். காக்கைபாடினியம், அவிநயம், சங்கயாப்பு, மயேச்சுரம் ஆகிய யாப்பு நூல்கள் இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்தில. அவற்றின் நூற்பாக்கள் பலவற்றை மேற்கோளாகத் தாங்கி நிற்பது அவ்விருத்தியுரை. அவ்வுரையும் செல்லுக்கு இரையாகியிருப்பின், தமிழ் யாப்பின் வரலாற்றில் பெரும்பகுதி இருண்டு போயிருக்கும். களவு போன பொருளை மீட்பது காவலர் கடமை. காலம் கவர்ந்து செல்லவிருந்த பொருளைக் காத்தது இக்காவலரின் தனிப்பெருமை.

யாப்பருங்கலம் செய்த அமிதசாகரர் சமண முனிவர். சமணர் போற்றிய தமிழுக்கும் நம் மண்ணுக்கும் உறவு பழையது. திண்டிவனத்திற்கு அணித்தான மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் விளங்குகிறது. எனவே பவானந்தர் காத்த செல்வத்தில் இப்பகுதியினர்க்குத் தனியுரிமை உண்டு எனலாம்.

ஆயினும் அவர் வாழ்வை எண்ணுங்கால் நெஞ்சில் ஒரு முள் தைக்காமல் இராது. அவர் பணிபுரிந்த அதே ஆட்சியின் காவல்துறைதான் பாரதியை வேட்டையாடியது. 1908இல் பாரதி புதுவையில் அடைக்கலம் புகுந்தார். 1879 முதல் விழுப்புரத்தையும் புதுவையையும் இணைத்த இருப்புப்பாதை வழியே ஒற்றர்களும் வந்து போயினர். பத்தாண்டுக்குப் பின் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்த கவிஞர் கடலூரருகே கைது செய்யப்பட்டார். அவ்வாட்சி, புதுக்கவி பாடியவரைச் சிறையில் இட்டது. அதன் அலுவலர் ஒருவரோ பழந்தமிழ் யாப்பைச் சிறைமீட்டார். இம்முரணை மூடி மறைப்பது புகழுரையாகலாம், வரலாறு ஆகாது. ஆட்சிக்கு உழைத்த கைகளே மொழிக்கும் உழைத்தன என்பதை உள்ளவாறே ஏற்றுப் போற்றுதல் அறிவுடைமை.

1932இல் அவர் மறைந்தார். 1960இல் மே.வீ. வேணுகோபாலப் பிள்ளை பதிப்பித்த யாப்பருங்கல விருத்தி வெளிவந்தது. ஒருவர் ஏற்றிய விளக்கை அடுத்தவர் தூண்டிச் சுடர்விடச் செய்வதே தமிழ்ப் பதிப்பு மரபு.

வெண்பாவுக்குத் தளை பார்க்கும் கவிஞரும், தளையை உடைத்துப் புதுப்பாதை காணும் கவிஞரும் ஒருங்கே அமர்வது இலக்கிய வட்டம். உடைப்பதற்கும் ஒரு மரபு வேண்டும். அம்மரபு கறையானுக்குப் போகாமல் காத்தோருள் ஒருவர் பவானந்தம் பிள்ளை. பத்தாண்டு நிறைவெய்தும் இந்நாளில் அவர் பெயரை நன்றியுடன் நினைதல் கவிஞர் கடனாகும்.