வானேறிய சரளா அம்மையார்

வளர்ந்து என்னவாகப் போகிறாய் என்று பெரியவர்கள் கேட்டால் ஆசிரியை என்றும், மருத்துவர் என்றும், செவிலியர் என்றும் விடை சொல்வது நம் வழக்கம். இப்போது அந்த வரிசையில் விமானி என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்க்கும் நம் தூத்துக்குடிச் சிறுமியருக்கு அந்த ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஆசையைச் சொன்னவுடன் வீட்டில் ஓர் அச்சமும் எழுகிறது. பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய் அளவுக்குச் செலவாகும். அவ்வளவு பணம் போட்டுப் படித்தபின் வேலை நிலைக்குமா? கிங்ஃபிஷர் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது, மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் நம் நாட்டின் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் எல்லாமே தரையில் நின்றன. பெற்றோரின் அச்சம் வீண் அச்சம் அன்று.

இந்த அச்சம் இன்று தோன்றியதும் அன்று. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் விமானி ஆக விரும்பிய ஓர் இந்தியப் பெண்மணிக்கும் இது நேர்ந்தது. அவர் பெயர் சரளா தக்ரால். அவருடைய வாழ்க்கையை அறிந்தால் நம் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

சரளா 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் டெல்லியில் பிறந்தார். அக்கால வழக்கப்படி 16 வயதிலேயே அவருக்குத் திருமணம் ஆயிற்று. கணவர் பி. டி. சர்மா ஒரு விமானி. புகுந்த வீட்டில் ஒன்பது பேர் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் அந்தக் குடும்பத்தின் சூழல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மற்ற வீடுகளில் நெல் விலையும் துணி விலையும் பேசப்பட்ட நேரத்தில், அவ்வீட்டில் காற்றின் திசையும் எஞ்சினின் ஓசையும் பேசப்பட்டிருக்கும்.

அப்போது இந்தியாவில் விமானத் தொழில் தவழும் குழந்தை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள்தான் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் தாமே விமானம் ஓட்டி வந்தார். நம் நாட்டின் விமானத் தபால் தொண்டு இவ்வாறு வளரத் தொடங்கிய நாட்களில், தபால் விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் சரளாவின் கணவருக்குக் கிடைத்தது. அவர் கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே பறந்து வந்தார்.

கணவர் ஊக்கம் தந்தார். மாமனாரோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, மருமகளை லாகூர் விமானப் பயிற்சிக் கழகத்தில் தாமே சேர்த்துவிட்டார். பெண்கள் தெருவில் தனியே நடப்பதையே குறையாகப் பேசிய காலம் அது. அக்காலத்தில் ஒரு மாமனார் இப்படிச் செய்தார் என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அங்கே அவர் பழகிய விமானத்தின் பெயர் ஜிப்ஸி மாத். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய சிறு விமானம் அது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் அதற்கு உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டே இருக்கைகள். மேலே கூரை கிடையாது. காற்று முகத்தில் அறையும். 1936ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில், சரளா சேலை உடுத்தியவாறே அந்த விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்து பத்திரமாகத் தரை இறங்கினார். அப்போது அவர் நான்கு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். விமானம் ஓட்டிய இந்தியப் பெண்களின் முதல் வரிசையில் அன்று அவர் இடம் பெற்றார்.

ஒரு நாள் பறந்ததோடு அவர் நிறைவு அடையவில்லை. தொடர்ந்து பறந்து, கழகத்து விமானத்தில் ஆயிரம் மணி நேரத்தை எட்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அவர் பெற்றிருந்தது ‘ஏ’ உரிமம். அதைக் கொண்டு தமக்காகப் பறக்கலாமே தவிர, கூலிக்குப் பறக்க முடியாது. தபாலோ பயணிகளோ ஏற்றிச் சம்பளம் பெற வேண்டுமானால் வணிக விமானிக்குரிய ‘பி’ உரிமம் வேண்டும். பறத்தலைப் பொழுதுபோக்காக அல்லாமல் தொழிலாகவே கொள்ள வேண்டும் என்று சரளா முடிவு செய்தார்.

அந்த நேரத்தில்தான் இடிமேல் இடி விழுந்தது. 1939ஆம் ஆண்டில் ஒரு விமான விபத்தில் கணவர் மாண்டார். 25 வயதுகூட நிறையாத சரளாவின் கையில் இரண்டு பெண் குழந்தைகள். கணவரின் உயிரைப் பறித்த அதே தொழிலை வெறுத்து ஒதுக்கியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ துயரத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, வணிக உரிமப் பயிற்சிக்காக ஜோத்பூர் சென்றார்.

பயிற்சி முடியவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பொதுமக்களுக்கான விமானப் பயிற்சி நிறுத்தப்பட்டது. சரளா எந்தத் தவறும் செய்யவில்லை. எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. எங்கோ ஐரோப்பாவில் தொடங்கிய போர், ஜோத்பூரில் ஓர் இளம் விதவையின் எதிர்காலத்தை அடைத்துவிட்டது. இப்படி ஒரு தொழில் திடீரென்று முடங்குவதைத்தான் நம் பெற்றோர்கள் இன்று அஞ்சுகிறார்கள்.

முத்துக்கரையில் வாழும் நமக்கு இது புரியாத செய்தி அன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் ஆண்டுதோறும் தவறாமல் நடந்ததில்லை. முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி போதிய அளவு விளைந்திருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்படும். இல்லையென்றால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டோடு அதுவும் நின்றுபோயிற்று. ஆயினும் குளியாளிகளின் குடும்பங்கள் கடலைக் கைவிடவில்லை. முத்துக் குளித்த அதே மூச்சைக் கொண்டு சங்கு குளித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சிப்பி கிடைக்காமல் போனாலும், மூச்சடக்கும் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை.

சரளாவும் அவ்வாறே செய்தார். போர் எப்போது முடியும் என்று வாயிலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. லாகூருக்குத் திரும்பினார்; அங்கிருந்த மேயோ கலைப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். வங்காள ஓவிய முறையைக் கற்றுப் பட்டயம் பெற்றார். விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்த கை தூரிகையைப் பிடித்தது. வானத்தில் வேண்டியிருந்த கூர்ந்த பார்வையும் பதறாத கையும் ஓவியத்திற்கும் தேவையாக இருந்தன போலும்.

அதோடு சோதனை முடிந்துவிடவில்லை. 1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. சரளா இரண்டு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு டெல்லி வந்து சேர்ந்தார். முன்பு தொழில் போயிற்று. இப்போது வாழ்ந்த ஊரும் போயிற்று. விதவையின் மறுமணத்தை ஏற்கும் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்தவராகையால், 1948ஆம் ஆண்டில் தக்ரால் என்பவரை மணந்து புது வாழ்வு தொடங்கினார். நாம் இன்று சொல்லும் அவருடைய பெயர் அப்போது வந்ததே.

டெல்லியில் அவர் ஓவியம் வரைந்தார். அணிகலன்களுக்கு வடிவம் அமைத்தார். சேலைகளில் சித்திரம் தீட்டினார். விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் போன்றோர் அவருடைய வேலைப்பாட்டை விரும்பி அணிந்தனர். இவ்வாறு தம் கைத்திறனால் தலை நிமிர்ந்து வாழ்ந்த சரளா, 2008ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், தமது 93ஆம் வயதில் காலமானார்.

அன்புத் தோழியரே! சரளா கடைசிவரை சம்பளம் பெறும் விமானி ஆகவில்லை. இதை மறைக்கக் கூடாது. முயன்றால் எல்லாம் கைகூடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவருக்கு அது கைகூடவில்லை. அதனால் அவர் விமானம் கற்றது வீண் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. பெண்ணால் முடியும் என்பதை அவர் காட்டிய பிறகு, கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. அவர் லாகூரை இழந்த அதே 1947ஆம் ஆண்டில் பிரேம் மாத்தூர் வணிக விமானி உரிமம் பெற்றார்; பின்னர் ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1966ஆம் ஆண்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் துர்பா பானர்ஜி விமானியானார். இன்று உலகிலேயே பெண் விமானிகளின் விகிதம் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று.

விமான நிறுவனங்கள் என்றும் நிலைத்திருக்கும் என்று எவரும் நமக்கு வாக்களிக்க இயலாது. தொழில் நிலைக்குமா என்பது நம் கையில் இல்லை. அது நின்றால் நாம் நிற்போமா என்பது நம் கையில் இருக்கிறது. விமானி ஆக விரும்புகிறவள் முதலில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே சரளாவின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது. அவருக்குக் கைகொடுத்தது அவர் கற்ற இரண்டாவது கலை. ஆனால் அவர் அதைக் கற்றது இழப்புக்குப் பின்னால். நாம் முன்னதாகவே கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிந்ததும் மேல்நிலையில் எந்தப் பிரிவை எடுப்பது என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் விமானப் பயிற்சிக்கும் வழி உண்டு. பொறியியலுக்கும் ஆசிரியப் பணிக்கும் வழி உண்டு. வணிக விமானி உரிமத்திற்கு 18 வயது நிறைய வேண்டும். கடுமையான மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே இன்றே வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. கண்ணையும் உடலையும் சோதித்துக்கொள்ளலாம். பட்டம் ஒன்றைப் பெறலாம். செலவையும் கடனையும் பெற்றோருடன் அமர்ந்து தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு ஒத்து வந்தால் துணிந்து இறங்கலாம். ஒத்து வராவிட்டால், தம்பி தங்கையரின் படிப்பையும் அக்காளின் நகையையும் பணயம் வைக்காமல், வேறு வழியில் வானத்தை நாடலாம். விமானப் பொறியாளர், வான்வழிக் கட்டுப்பாட்டு அதிகாரி என்று விமானத்தைச் சுற்றிப் பல பணிகள் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சரளாவுக்கு அவருடைய கணவரும் மாமனாரும் துணை நின்றார்கள். எல்லாப் பெண்களுக்கும் அப்படிப்பட்ட வீடு வாய்ப்பதில்லை. மகள் தன் ஆசையைச் சொல்லும்போது, முடியாது என்று சொல்லுமுன் அவளோடு அமர்ந்து கணக்கைப் பாருங்கள். அச்சத்தையும் சொல்லுங்கள், வழியையும் சொல்லுங்கள்.

சேலை உடுத்திக் கூரையில்லா விமானத்தில் தனியாக ஏறிய அந்த 21 வயதுப் பெண்ணின் துணிவையும், எல்லாம் போனபின் மாணவியாக மீண்டும் பள்ளியில் சென்று அமர்ந்த பணிவையும் இறைவன் நமக்கும் அருள்வாராக!