கர்தினால் எழுதிய மரணசாசனம்

ஏழைக்கென்று முதுசத்தில் ஒரு பங்கை எழுதிவைத்தால் அது எத்தனை காலம் நிலைக்கும் என்று எண்ணிப் பார்த்தீர்களா, வாசகர்களே? கூசா நிக்கொலாஸ் என்னும் கர்தினாலைப் பாருங்கள். ஜேர்மனியில் மோசெல் நதிக்கரையிலுள்ள கூஸ் என்னும் ஊரில் 1401இல் படகோட்டி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்வியால் உயர்ந்தார்.

1458இல் சொந்த ஊரிலே 33 முதியவர்களுக்கு ஓர் இல்லம் நிறுவினார். ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அது. குருக்கள் 6, பிரபுக்கள் 6, சாதாரண மக்கள் 21 என எல்லோருக்கும் ஒரே கூரை!

1464 ஆகஸ்ட் 6இல், இத்தாலியின் தோடி நகரில் நோயுற்றிருந்தபோது மரணசாசனம் எழுதினார். அரிய நூல்கள் உட்பட உடைமைகள் அவ்வில்லத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஐந்தாம் நாள் மரித்தார். உடல் உரோமையில், இருதயமோ இல்லத்துச் சிற்றாலயத்தில்.

வெறும் காசென்றால் கரைந்திருக்கும். திராட்சைத் தோட்டங்களல்லவா இல்லத்தைத் தாங்கின! வயோதிபர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், இப்போது பெண்களும்.