துப்பறியும் சாம்புவைத் தந்த தேவன்

அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் நாலு பேரைப் பார்த்தால் போதும், நாலு கதை கிடைத்துவிடும். அப்படி அக்கம்பக்கத்து மனிதர்களை வைத்தே தமிழ் வாசகர்களைச் சிரிக்க வைத்தவர் எழுத்தாளர் தேவன்.

இயற்பெயர் ஆர். மகாதேவன். 1913 செப்டம்பர் 8ஆம் தேதி, கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

‘ஆனந்த விகடன்’ இதழுக்கு அவர் எழுதி அனுப்பிய கதை, அப்போதைய ஆசிரியர் கல்கியின் கண்ணில் பட்டது. 21 வயதில் விகடனிலேயே வேலை கிடைத்தது. 1941ல் கல்கி விலகிய பிறகு நிர்வாக ஆசிரியர் பொறுப்பு தேவனிடம் வந்தது. கடைசிவரை அவர் வேறு எங்கும் போகவில்லை.

1942ல் போர்க்காலம். விலைவாசியும் குண்டுவீச்சு அச்சமும் சென்னையை வாட்டிய வேளையில் ‘துப்பறியும் சாம்பு’ வெளிவரத் தொடங்கியது. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. எல்லாரும் அசடு என்று ஒதுக்கியவர். அவர் தடுமாறி விழுந்தாலும், உளறிக் கொட்டினாலும் திருடன் அகப்பட்டுக்கொள்வான். ஊரே அவரை மேதை என்று கொண்டாடும். ஓவியர் ராஜுவின் படங்களோடு வந்த சாம்பு, பின்னர் கோபுலுவின் கைவண்ணத்தில் சித்திரத் தொடராகவும் வந்தார். மேடையும் தொலைக்காட்சியும் ஏறினார்.

‘ராஜத்தின் மனோரதம்’ சொந்த வீடு கட்ட ஆசைப்பட்டவர் படும் பாட்டைச் சொல்வது. மனை தேடுவது முதல் கொத்தனாரிடம் மல்லுக்கட்டுவது வரை எல்லாம் அதில் உண்டு. வீடு வாங்கிப் புதுப்பிப்பு வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் தங்களையே அதில் பார்க்கலாம். ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ ஆகிய நாவல்களும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

தேவனின் நகைச்சுவை யாரையும் புண்படுத்தாது. அசட்டுத்தனம், கஞ்சத்தனம், வீண் ஜம்பம் எல்லாம் அவர் கதையில் வரும். ஆனால் அவை உள்ள மனிதர்களை அவர் வெறுப்பதில்லை. சாம்புவைக் கண்டு சிரிக்கும் நாம், அவர் தோற்றுவிடக் கூடாதே என்று பதறவும் செய்கிறோம். ஒருவரோடு ஒருவர் ஒட்டி வாழும் நகரத்தில் இந்த மனப்பக்குவம் தேவைப்படுகிறது.

சிங்கப்பூரும் இதே சுவையை அறிந்த ஊர்தான். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ வானொலித் தொடர், அடுக்குமாடி வாழ்க்கையை வேடிக்கையாகச் சொல்லி இங்குள்ள நேயர்களைக் கவர்ந்தது.

1957 மே 5ஆம் தேதி, 43 வயதிலேயே தேவன் காலமானார். வாரந்தோறும் பல்லாயிரம் வீடுகளில் படிக்கப்பட்டவரின் நாவல்கள் பெரும்பாலும் அவர் மறைந்த பிறகே நூல்களாக வந்தன. தம் எழுத்தைப் புத்தகமாகக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை அவருக்கு நிறைவேறவில்லை.

அதற்கு முன்பே வாசகர்கள் அவற்றைப் புத்தகமாக்கிவிட்டார்கள். இதழிலிருந்து வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். இன்று அந்தச் சிரமம் நமக்கு இல்லை. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது தமிழ்ப் பிரிவில் தேவனைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சாம்பு கதையைப் படித்துக் காட்டுங்கள்.