எஸ். ஆர். ரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன் (1892 - 1972) இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் நூலகர் ஆவார். கணித ஆசிரியராகப் பணியாற்றிய இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்று இருபது ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர். கோலன் பகுப்புமுறையை உருவாக்கியவர். ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தரத்தை, அதில் அடுக்கப்பட்டுள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டன்றி, அவை எவ்வளவு பயன்படுகின்றன என்பதைக் கொண்டு அளவிட வேண்டும் என்னும் கருத்தை இந்தியாவில் நிலைநாட்டியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

ரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த சீர்காழியில் 1892 ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கு இவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் இவர் மீது ஆழ்ந்த செல்வாக்குச் செலுத்தினார். ஆசிரியப் பயிற்சி பெற்றபின் மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தார். இளமையில் இருந்த திக்குவாயையும் மீறி நல்லாசிரியர் எனப் பெயர் பெற்றார்.

நூலகப் பணிக்கு வருகை

சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு விண்ணப்பங்கள் கோரியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நூலகப் பயிற்சி இல்லாதவர்கள். ரங்கநாதனும் அவ்வாறே. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையே இத்துறையில் இவருக்கு இருந்த அறிவு. எனினும் பதவி இவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

வகுப்பறையில் மாணவர் நடுவே இருந்து பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்க முடியாததாக இருந்தது. வாசகர் வரவு மிகக் குறைவு. சில வாரங்களிலேயே தம்மை மீண்டும் கற்பித்தல் பணிக்கு அனுப்புமாறு பல்கலைக்கழகத்தாரை வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்றும், அதன் பின்னும் விருப்பமில்லையெனில் பழைய பணிக்குத் திரும்பலாம் என்றும் உடன்பாடு ஏற்பட்டது.

இங்கிலாந்துப் பயணம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகர் பள்ளியில் சேர்ந்த ரங்கநாதன், அங்கு குரோய்டன் நகர நூலகரான பெர்விக் சேயர்சிடம் பாடம் கேட்டார். வகுப்பறையைவிட நூலகங்களை நேரில் காண்பதிலேயே மிகுதியான நேரத்தைச் செலவிட்டார். ஏறத்தாழ 100 நூலகங்களைப் பார்வையிட்டார் என்பர். சிறுவர், தொழிலாளர், இல்லத்தரசியர் எனப் பலதரப்பட்ட மக்கள் நூலகங்களைப் பயன்படுத்தியது இவரைக் கவர்ந்தது. அதேவேளை, நூல்களைப் பகுக்கும் முறை நூலகத்துக்கு நூலகம் வேறுபட்டிருந்ததையும், நடைமுறைகளுக்குப் பின்னால் பொதுவான கோட்பாடு இல்லாதிருந்ததையும் கண்டார். இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ என்னும் இணைப்பு விளையாட்டுப் பொருள், ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து மீண்டும் இணைக்கும் எண்ணத்தை இவருக்குத் தந்தது. 1925இல் நாடு திரும்பியபோது பழைய பணியைக் கேட்கவில்லை.

வாசகரைக் கவனித்தல்

சென்னையில் ரங்கநாதன் செய்த சீர்திருத்தங்களுள் முதன்மையானது திறந்த அடுக்கு முறை. மூடிய அடுக்கு முறையில் வாசகர் நூற்பட்டியலைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பணியாளர் நூலை எடுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த நூல் தமக்கு ஏற்றதல்ல எனில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வாறு வீணாகும் நேரமும் நூலகத்தின் செலவுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டியதே என்பது இவரது வாதம். நூல்கள் களவு போகலாம் என்ற அச்சத்தைவிட, படிக்கப்படாமல் கிடப்பதால் ஏற்படும் இழப்பை இவர் பெரிதாகக் கருதினார். வாசகரே அடுக்குகளுக்கிடையே சென்று நூல்களைப் புரட்டிப் பார்க்க வழிசெய்தார். அடுக்குகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருத்தல், நூலகம் கல்விக்கூடத்தின் நடுவில் அமைதல், அது திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தல் ஆகியவற்றையும் வலியுறுத்தினார். பல்கலைக்கழக நூலகத்துக்கு 1936இல் மெரினா கடற்கரையை நோக்கிய தனிக் கட்டடம் அமைந்தது.

அடுத்தது உசாத்துணைச் சேவை. அடுக்குகளுக்கிடையே பணியாளர் நின்று, தயங்கும் வாசகரை அணுகி, தேவையை உரையாடலின் மூலம் அறிய வேண்டும் என்று இவர் கற்பித்தார். வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் வேண்டியதாக இராது என்பதை நூலகர் உணர்ந்திருக்க வேண்டும். சி. சுந்தரத்துடன் இணைந்து இவர் எழுதிய உசாத்துணைச் சேவை பற்றிய நூல் 1940இல் வெளிவந்தது.

இவ்வனுபவங்களின் திரட்டே 1931இல் வெளியான ஐந்து விதிகள் பற்றிய நூல். நூல்கள் பயன்பாட்டுக்குரியவை, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் கிட்ட வேண்டும், வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும், நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே அவ்விதிகளின் சாரம். பார்வைக்கு மிக எளியவை. ஆயினும் நூலகத்தின் எந்த ஒரு நடைமுறையையும் இவற்றைக் கொண்டு சோதிக்க முடிந்தது.

எண்களால் அளவிடுதல்

கணிதம் பயின்றவராதலால் ரங்கநாதன் சேவையை எண்களாலும் அளந்தார். இவர் பெயரால் வழங்கும் பணியாளர் சூத்திரத்தின்படி, நாளொன்றுக்கு வரும் 50 வாசகருக்கு ஓர் உசாத்துணை நூலகர் தேவை. ஆண்டில் சேரும் 2,000 நூல்களைப் பகுத்துப் பட்டியலிட ஒருவரும், நூல் வழங்கும் வாயில் ஒன்று ஆண்டில் 1,500 மணி நேரம் திறந்திருக்க ஒருவரும் வேண்டும். அதாவது, நூலகத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை நிர்வாகத்தின் மனநிலை அல்ல, வாசகரின் வரவும் வேலையின் அளவுமே முடிவு செய்ய வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அமைத்த நூலகக் குழுவுக்கு இவர் தலைவராக இருந்தார். மாணவர் ஒருவருக்கு 15 ரூபாயும் ஆசிரியர் ஒருவருக்கு 200 ரூபாயும் என்ற கணக்கில் நூலக நிதி ஒதுக்க அக்குழு பரிந்துரைத்தது. நிதியைப் பயனர் தலைக்கணக்கோடு பிணைத்த இப்பரிந்துரை பின்னர் பல கல்வி அறிக்கைகளில் எடுத்தாளப்பட்டது.

பிற்காலப் பணிகள்

சென்னையிலிருந்து விலகிய ரங்கநாதன், இராதாகிருஷ்ணனின் அழைப்பின் பேரில் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழக நூலகரானார். அங்கு ஏறத்தாழ 1,00,000 நூல்களைப் பெரும்பாலும் தனியொருவராகவே பகுத்தார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு இவரது நெடுநாள் முயற்சியே அடிப்படை. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அறிவிக்கப்பட்டார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மதிப்பீடு

ரங்கநாதனின் முறை பெரிதும் நேரடிக் கவனிப்பையும் பதிவேடுகளையும் சார்ந்தது. நூலகத்துக்கு வந்தவரின் தேவையை இது நன்கு காட்டியது. வராமலேயே இருந்துவிட்டவர் ஏன் வரவில்லை என்பதை இதனால் எளிதில் அறிய இயலாது. வாசகருக்கு எது நல்லது என்பதை இறுதியில் நூலகரே முடிவு செய்தார் என்ற குறையும் கூறப்படலாம். பின்னாளில் பரவிய வினாக்கொத்து வழியான பயனர் ஆய்வுகள் இவ்விடைவெளியையே நிரப்ப முயன்றன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் தொடங்கிய லிப்குவல் ஆய்வு, ஒவ்வொரு சேவைக்கும் பயனர் ஏற்கும் குறைந்த அளவு, விரும்பும் அளவு, உண்மையில் பெறும் அளவு ஆகிய மூன்றையும் அவரிடமே கேட்கிறது.

கோலன் பகுப்புமுறை 1933இல் முதலில் வெளியாகி, அதன் ஏழாம் பதிப்பு இவரது மறைவுக்குப் பின் 1987இல் வந்தது. கூறுகளாகப் பகுக்கும் அதன் அடிப்படை உலகெங்கும் ஆய்வாளரால் ஏற்கப்பட்டது. ஆனால் நீண்ட குறியீடுகள் வாசகரை மலைக்க வைத்தன. வாசகரின் நேரத்தைக் காக்கச் சொன்னவரின் முறைக்கே இக்குறை நேர்ந்தது வியப்புக்குரியது. இந்தியாவிலும் பெரும்பாலான கல்லூரி நூலகங்கள் டூயி தசமப் பகுப்பையே பின்பற்றுகின்றன.