கான்ராட் ஹால் வாடிங்டன்

கான்ராட் ஹால் வாடிங்டன் (நவம்பர் 8, 1905 – செப்டம்பர் 26, 1975) ஒரு பிரித்தானிய உயிரியலாளர் ஆவார். கருவியல், மரபியல், படிவளர்ச்சி ஆகிய துறைகளில் ஆய்வுகள் செய்தவர். எபிஜெனிடிக்ஸ் எனப்படும் மேல்மரபியலுக்கு 1942 இல் அப்பெயரைச் சூட்டியவர் இவரே. குழந்தைப்பருவ அனுபவங்களுக்கும் பிற்கால மனநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் கையாளும் உருவகம் ஒன்றும் இவரிடமிருந்து வந்ததாகும்.

இளமை

வாடிங்டன் இங்கிலாந்தின் ஈவ்சம் நகரில் பிறந்தார். தந்தை வயநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பணியாற்றியதால் இவரது மழலைப் பருவம் தென்னிந்தியாவில் கழிந்தது. நான்கு வயதளவில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, பாட்டி உள்ளிட்ட உறவினர்களிடம் வளர்ந்தார். பெற்றோர் 1928 வரை இந்தியாவிலேயே இருந்தனர். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர்கள் பிள்ளைகளை இவ்வாறு பிரிந்திருப்பது அக்காலத்தில் வழக்கமானதே.

கிளிப்டன் கல்லூரியில் பயின்றபின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்று 1926 இல் பட்டம் பெற்றார். தொல்லுயிர் எச்சங்களில் தொடங்கிய ஆர்வம் விரைவில் கருவியலுக்குத் திரும்பியது.

கருவியல் ஆய்வுகள்

1930களில் கோழி, வாத்துக் கருக்களை ஆராய்ந்தார். கருவின் ஒரு பகுதி அருகிலுள்ள திசுவை நரம்புத் திசுவாக மாறத் தூண்டுவது அப்போது அறியப்பட்டிருந்தது. அத்தூண்டுபொருளைப் பலரும் தேடினர். ஆனால் மெத்திலீன் நீலம் என்னும் சாயம்கூட அம்மாற்றத்தைத் தூண்டக்கூடும் என்பதை வாடிங்டன், ஜோசப் நீதம், ஜான் பிராஷே ஆகியோர் கண்டனர். எனவே தூண்டுபொருளை விட, ஏற்கும் திசுவின் ஆயத்தநிலையே முக்கியம் என்ற முடிவுக்கு வாடிங்டன் வந்தார்.

மேல்மரபியல் நிலத்தோற்றம்

எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள் இருக்க, ஒன்று தோலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? இதனை விளக்க, மலைச்சரிவில் உருளும் பந்து ஒன்றை வாடிங்டன் உருவகமாக்கினார். சரிவில் பள்ளங்கள் கிளைகளாகப் பிரிகின்றன. பள்ளத்தின் நடுவே உள்ள பந்தைச் சற்றுத் தட்டினால் அது மீண்டும் அதே பள்ளத்துக்குத் திரும்பும். கிளை பிரியும் இடத்தில் அதே தட்டு பந்தை வேறு பள்ளத்தில் சேர்த்துவிடும். சரிவின் வடிவத்தை அடியிலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் முளைகளே மரபணுக்கள். எந்தவொரு முளையும் தனித்து ஒரு பள்ளத்தை உருவாக்குவதில்லை. இவ்விளக்கம் 1957 இல் வெளியான இவரது நூலில் படங்களுடன் இடம்பெற்றது.

1953 இல் வெளியிட்ட ஆய்வில், பழ ஈக்களின் கூட்டுப்புழுக்களை வெப்பத்துக்கு உட்படுத்தி, சிறகின் குறுக்கு நரம்பு குன்றிய ஈக்களைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தார். பின்னர் வெப்பம் இன்றியே அத்தகைய ஈக்கள் தோன்றின. மறைந்திருந்த மரபு வேறுபாடுகள் தேர்வினால் ஒன்றுசேர்ந்ததே இதன் காரணம். இலமார்க்கின் கொள்கைக்கு இது சான்றாகாது.

குழந்தை மனநலம்

தாய்–சேய் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் போல்பி, தாயைப் பிரிதல் பற்றிய தமது 1973 ஆம் ஆண்டு நூலில் ஆளுமை வளர்ச்சியை விளக்க வாடிங்டனின் உருவகத்தைப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் குழந்தைக்குப் பல பாதைகள் திறந்திருக்கின்றன. வயது ஏற ஏறத் தடம் மாறுவது கடினமாகிறது, ஆனால் இயலாததன்று. வாடிங்டனின் சொந்தப் பிரிவை இதனுடன் முடிச்சுப் போடத் தோன்றும். எனினும் அவரது கருத்து கருக்களிலிருந்தும் பழ ஈக்களிலிருந்தும் உருவானது.

1975 இல் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறமும், ஆர்தர் ரிக்ஸ் மறுபுறமும், டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதிகள் சேர்வது மரபணுக்களின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்தலாம் எனக் கருதினர். மேல்மரபியல் என்ற சொல் பின்னர் பெரும்பாலும் இப்பொருளிலேயே வழங்கலாயிற்று. குட்டிகளை அதிகம் நக்கிப் பேணும் தாய் எலிகளின் குட்டிகளில், மன அழுத்தத்தைத் தணிக்க உதவும் மரபணு ஒன்றில் மெத்தில் குறிகள் குறைவாக இருப்பதை மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 இல் கண்டறிந்தனர். குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது, பெற்ற தாயை விட வளர்த்த தாயின் இயல்பே இக்குறிகளைத் தீர்மானித்தது. எலிகளில் கண்ட இம்முடிவை அப்படியே மனிதக் குழந்தைகளுக்கு ஏற்றி, தாய்மார் மீது பழி சுமத்துவது பிழையாகும்.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்கு அறிவியல் ஆலோசகராகப் பணியாற்றினார். 1947 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியல் பேராசிரியராகவும், அதே ஆண்டில் அரச கழக உறுப்பினராகவும் ஆனார். மானிடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி, கணிதவியலாளர் டுசா மெக்டஃப் ஆகியோர் இவரது மகள்கள். 1975 இல் எடின்பரோவில் காலமானார்.