கோட்டுக்குச் சமன்பாடு தந்த மேதை

கணக்கு வகுப்பில் வரைபடத் தாளை விரித்து இரண்டு அச்சுகளை வரையும்போதெல்லாம் நாங்கள் கேட்கும் பெயர் ரெனே டெக்கார்ட். அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது எங்களுக்கு வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றின.

இவர் 1596ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிரான்சு நாட்டில் லா ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு வயது நிறைந்த சில வாரங்களில் தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். இயேசு சபையார் நடத்திய லா ஃபிளெஷ் கல்லூரியில் சேர்ந்தபோது உடல் மிக மெலிந்திருந்தது. ஆகவே காலையில் நேரங்கழித்து எழ அவருக்கு அனுமதி தந்தார்கள். (எங்கள் விடுதியில் இது நடக்குமா!) படுக்கையில் கிடந்தபடியே சிந்திப்பது அவருக்கு வாழ்நாள் வழக்கமாயிற்று.

சட்டம் படித்தார், படையிலும் இருந்தார், பிறகு ஹாலந்தில் தங்கி எழுதினார். 1637இல் லெய்டன் நகரில் வெளிவந்த அவரது நூலின் ஒரு பகுதிதான் 'வடிவியல்'. தனித்தனியே நின்ற இயற்கணிதத்தையும் வடிவியலையும் அது இணைத்தது. ஒரு கோட்டைச் சமன்பாடாக எழுதலாம். சமன்பாட்டைக் கோடாக வரையலாம்.

ஒய் = 2 எக்ஸ் + 3 என்பதைப் பாருங்கள். எக்ஸ் 0 ஆனால் ஒய் 3. அங்கேதான் கோடு ஒய் அச்சை வெட்டுகிறது. அந்த 3 வெட்டுத்துண்டு. எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் ஒய் இரண்டு கூடுகிறது. அந்த 2 சாய்வு. 3ஐ 5 ஆக்கினால் கோடு சாய்வு மாறாமல் இணையாக மேலே நகரும். 2ஐ 4 ஆக்கினால் அச்சை வெட்டும் இடம் மாறாது, ஏற்றம் செங்குத்தாகும். 2க்கு முன் கழித்தல் குறி வந்தால் கோடு வலப்புறம் செல்லச் செல்ல இறங்கும்.

இந்தச் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் டெக்கார்ட் எழுதியதன்று, பின்வந்தோர் அமைத்தது. ஈ ஒன்று ஊர்வதைப் பார்த்து இதைக் கண்டார் என்பதும் ஆதாரமற்ற கதையே. ஆனால் தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் அவருடையது. ஏறத்தாழ அதே காலத்தில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரரும் தனியே இவ்வழியைக் கண்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1649இல் சுவீடன் அரசி கிறிஸ்டினா அவரை அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் சென்றார். 23 வயது அரசி பாடத்திற்குக் குறித்த நேரமோ விடியற்காலை 5 மணி! கடுங்குளிரில், பிள்ளைப் பருவம் முதல் காலையில் எழுந்து பழகாத அந்த உடல் தாங்கவில்லை. நுரையீரல் அழற்சி கண்டு 1650 பிப்ரவரி 11ஆம் நாள், தம் 53ஆம் வயதில், ஸ்டாக்ஹோமில் இறந்தார்.

அவர் சுவீடன் சென்ற அதே 1649இல் 'வடிவியல்' விளக்கங்களுடன் இலத்தீனில் வெளிவந்தது. அதன் விரிந்த பதிப்பைப் படித்துக் கணிதம் கற்றவர்களுள் நியூட்டனும் ஒருவர்.